எலும்புக்கு நல்லது

பிராணிகளை மடியில் வைத்துக் கொஞ்சுகிற ஆள் இல்லை நான். மலையில் ஆடு, மாடு, கோழி எல்லாம் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு வேலையும் உண்டு. வேலை இல்லாததற்கு எங்கள் வீட்டில் தீனி கிடையாது. விருந்தாள் வந்தால் கோழியைத் துரத்திப் பிடித்து அறுக்கிற கை இது. அப்படிப்பட்டவளை ஒரு கினிப் பன்றி காலையும் மாலையும் உட்கார வைத்து, வயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க வைத்தது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அதைக் கொண்டுவந்தவள் என் மகள். வேலூரில் நர்சிங் படிக்கிறாள். ஹாஸ்டலில் தோழி ஒருத்தி ஆசைப்பட்டு வாங்கி ஒளித்து வைத்திருந்தாளாம், வார்டன் கண்டுபிடித்துவிட்டாராம். "ஒரே ஒரு மாசம்மா" என்று சொல்லிக்கொண்டு அட்டைப்பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். திறந்து பார்த்தால் வால் இல்லை, காது சப்பை, உடம்பெல்லாம் பழுப்பும் வெள்ளையுமாக மயிர்.

"இன்னாடி இது, எலியா மொசலா?"

"கினி பிக்மா."

"பிக்குன்னா பன்னி இல்ல?"

"பேருதாம்மா அப்பிடி."

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "பன்னின்னாகூட ஒரு பிரயோஜனம் கீது" என்று சொல்லிவிட்டு நிலத்துக்குப் போய்விட்டார். மகளும் மறுநாள் பஸ் ஏறிவிட்டாள். அந்த ஒரு மாதம் வருஷமாகிவிட்டது.

அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. "டேய்" என்றால் திரும்பிப் பார்க்கும், அது போதும். நான் முறத்தை எடுத்துச் சாமை புடைக்க உட்கார்ந்தால் எங்கிருந்தாலும் குடுகுடுவென்று ஓடிவந்து, என் கால் கட்டைவிரல் மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். எதற்கு என்று எனக்குத் தெரியாது. தட்டிவிட்டால் நகரும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். பிறகு தட்டிவிடுவதை நானே விட்டுவிட்டேன்.

மலையில் பனி இறங்குகிற மாதத்தில்தான் அதன் முதுகு வளைய ஆரம்பித்தது. ஓட்டம் நின்றது. பின்னங்காலை இழுத்து இழுத்து வைத்தது. ஒருநாள் கூடையைச் சுத்தம் செய்யலாம் என்று தூக்கினேன், வீல் என்று ஒரு கத்தல். கைக்குழந்தைக்கு ஊசி போட்டால் கத்துமே, அப்படி. "யோவ், வண்டிய எடுய்யா" என்று நிலம் வரைக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டேன்.

கலசப்பாக்கம் போகிற வழியில் ஒரு டாக்டரம்மா சின்னதாக மாட்டு ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண். தலையில் முக்காடும் கையில் முழங்கை வரை உறையுமாக எந்நேரமும் ஏதாவது ஒரு பசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். இதைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் துணியை விரித்தார்.

"நெஜத்த சொல்லிட்றேன்மா. எனக்கு ஆடு மாடு நாய்தான் பழக்கம். இத்த நான் அதிகமா பாத்ததில்ல. எங்க காலேஜ் சார்கிட்ட கேட்டுக்கினே பாக்கறேன்" என்றார். போனில் யாரையோ கூப்பிட்டு, விரலால் முதுகுத்தண்டை ஒவ்வொரு கணுவாக நீவி, எங்கே அது பல்லை நறநறவென்று கடித்ததோ அங்கே நிறுத்தினார். முதுகெலும்பில் தேய்மானம், வாங்கும்போதே வயசானதாக இருந்திருக்குமாம். முழுதாகச் சரியாகாது, வலியைக் குறைக்கலாம். வாயில் விட ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. வயசானால் முதுகு வலிக்காமல் யாருக்கு இருக்கிறது?

இனிதான் எங்கள் ஊர் உள்ளே நுழைகிறது. எங்கள் தெருவில் நோவு கண்டவரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போக மாட்டார்கள். கைக்குழந்தைக்குச் சளி என்றாலும் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அதிலும் முதுகு, இடுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். புளி உலுக்க மரம் ஏறி, வருஷத்துக்கு ஒருத்தராவது விழுகிற ஊர். எலும்பு என்று சொன்னால் போதும், பிரண்டை, முருங்கைக் கீரை, முடக்கத்தான், கேழ்வரகு, கருப்பு உளுந்து என்று ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பும்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. எனக்கு ஓரகத்தி முறை. முந்தானை நிறைய முருங்கைக் கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டினார். "முதுகு நோவாமே. பாவம், வாயில்லா ஜீவன். துன்ன குடு, எலும்புக்கு நல்லது."

அடுத்து இரண்டு வீடு தள்ளி இருக்கிற ஒருத்தி கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி எடுத்துவந்தாள். கொண்டுவந்தவள் சும்மாவும் கொடுக்கவில்லை. "எனக்கு முட்டி வலின்னு கத்தினப்ப எவளாவது எட்டிப் பாத்தீங்களாடி? எலிக்கு இடுப்பு வலின்னா ஊரே கூடுது" என்று வாசலில் நின்று ஒரு பாட்டம் பாடிவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டினாள். இன்னொருத்தர் பிரண்டைத் துவையலே அரைத்துக்கொண்டு வந்துவிட்டார். புளியும் மிளகாயும் போட்டு! அதை நாங்கள் சோற்றில் போட்டுச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். பிரயோஜனம் இல்லை என்று சொன்ன அதே மனிதர், காலையில் எழுந்ததும் முருங்கைக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து அதன் எதிரில் குந்திக்கொள்வார். அது காம்பிலிருந்து நுனிவரை மென்றுகொண்டே போவதைப் பார்த்து, "இன்னா தீனி துன்னுது பாரு" என்று பெருமையாகச் சிரிப்பார். மருந்தும் வேலை செய்தது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. ஊர் முழுக்க வைத்தியர்களாகிவிட்டார்கள், ஒவ்வொருத்தருக்கும் தன் கீரைதான் குணப்படுத்தியது என்று நினைப்பு.

பொங்கல் முடிந்து வீட்டில் வேலை ஓய்ந்தபோதுதான் கவனித்தேன். அதன் சாக்குத் துணியில் ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளையாக, கோலமாவு சிந்தினாற்போலத் திட்டுத் திட்டாக இருந்தது. தொட்டால் நெறநெறத்தது. அன்று மாலை அது மூத்திரம் போக முதுகைத் தூக்கிக் குந்தி, நடுங்கி, கத்தியது. நாலு சொட்டு விழுந்தது. அதில் ஒரு சொட்டு சிவப்பு.

திரும்பவும் டாக்டரம்மா. இந்தத் தடவை எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். சின்ன உடம்பு, தீக்குச்சி தீக்குச்சியாக எலும்பு. வயிற்றுக்குக் கீழே மட்டும் பளீர் என்று ஒரு வெள்ளை உருண்டை.

"இன்னா குடுக்கறீங்க துன்ன?"

நான் பெருமையாகவே சொன்னேன். முருங்கை, முளைகட்டின கேழ்வரகு, உளுந்து, முடக்கத்தான். "எல்லாம் எலும்புக்குங்க. ஊரே கொண்டாந்து குடுக்குது."

டாக்டரம்மா என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "நமக்குன்னா மிச்சமான சுண்ணாம்புச் சத்து வேற வழியில போவும். இதுங்களுக்கு மூத்திரத்துலதான் வரணும். முதுகுல நரம்பு நசுங்கினதால மூத்திரத்த முழுசா வெளிய தள்ள தெம்பு இல்ல. உள்ளயே தேங்கி, சுண்ணாம்பு அடியில மணலா நிக்குதும்மா. நீங்க எலும்புக்குன்னு குடுத்தது எல்லாம் அங்கதான் கீது."

அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். திட்டவில்லையே. என் கையைப் பிடித்து, எந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து, எவ்வளவு மெதுவாக அமுக்கினால் மூத்திரம் வரும் என்று சொல்லிக்கொடுத்தார். பழுத்த தக்காளியைத் தோல் கிழியாமல் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும். இனி காலையும் மாலையும் இதுதான் என் வேலை. புல்லும் வெள்ளரிக்காயும் நிறையத் தண்ணீரும்தான் அதற்குச் சாப்பாடு. கத்தாமல் மூத்திரம் போகிறதா, அதை மட்டும் பாருங்கள், அது கத்தாத வரைக்கும் நமக்கு வழி இருக்கிறது என்றார். அன்றிலிருந்து எனக்கு வேறு வேண்டுதலே இல்லை. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அது அழாமல் மூத்திரம் போக வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த கையோடு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னேன்: "இனிமே எவளாவது கீரை தூக்கிக்கினு வந்தீங்க, நடக்கறதே வேற!" கொஞ்சம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்தான். பொறுமை எங்கே விற்கிறது?

எதிர்வீட்டு அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "இன்னாடி, எங்க வூட்டு முருங்கையில வெசமா கீது? எம் புள்ளைங்கள இத்த போட்டுத்தான் வளத்தேன்."

"உங்க புள்ளைங்க மூத்திரத்துல மணலு வந்துச்சா? இதுக்கு வருது!"

அவ்வளவுதான், பேச்சு நின்றது. எதிரும் புதிருமாக வீடு, நான் வாசல் தெளித்தால் அவர் உள்ளே போவார், அவர் தெளித்தால் நான் போவேன். உள்ளுக்குள் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த அக்கா கொண்டுவந்தது அத்தனையும் பாசம். பாசத்தைத் தின்றே ஒரு ஜீவன் இப்படிக் கிடக்கிறது என்றால் யாரைப் போய்க் கோபித்துக்கொள்வது?

ஒருநாள் விடிந்து கதவைத் திறந்தேன். வாசல்படியில் ஒரு கட்டு அருகம்புல், வேர்மண் போகக் கழுவி, வாழைநாரால் கட்டி வைத்திருந்தது. எதிரே அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "புல்லு வெச்சது யாரு?" என்று பொதுவாகக் கேட்டேன். "யாரோ வெச்சாங்க. துன்ன குடுக்கறதுக்கு இன்னா கேள்வி" என்று பாத்திரத்திடம் பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான், தோள் குலுங்கியதிலிருந்து தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் புல்தான்.

அமுக்குகிற வேலை எனக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. மடியில் பழந்துணியை விரித்து, அதன் தலையை என் வயிற்றுப் பக்கம் சாய்த்துக்கொண்டு, "வுடுடா ராஜா, வுட்டுரு, ஒண்ணுமில்ல" என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சை நிறுத்தினால் உடம்பை விறைத்துக்கொள்ளும். பேசப் பேசத் தளர்ந்து கொடுக்கும். என் வீட்டுக்காரர் ஒருநாள் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "என்னை என்னிக்காவது இப்டி ராஜான்னு கூப்ட்டிருக்கியா?" என்றார். "உனக்கும் மூத்திரம் நின்னா கூப்புட்றேன்" என்றேன். நல்ல நாட்கள்தான் அவை. வலி மருந்து, புல், தண்ணீர், அமுக்கல். அது கத்தாமல் போனது, நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாசி மாதம் ஒரு காலையில் வழக்கம்போல அமுக்கினேன், வரவில்லை. மாலையிலும் வரவில்லை. வயிறு கல்லாக இருந்தது. விரல் பட்டாலே கத்தியது, பிறகு விரல் படாமலே கத்தியது. புல்லை மூக்கருகில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாள் காலை சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப்போய் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எடுத்துக்கினு வாங்க. குழாய் வுட்டு பாக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "இவ்ளோ சின்ன உடம்பும்மா. ஆபரேசன் தாங்காது. குழாய்ல வரலேன்னா அத்த வலியிலயே வெச்சிருக்கறது நல்லதில்ல. ஒரு ஊசிதான், தூங்கற மாதிரி பூடும். மனச தேத்திக்கினு வாங்க."

மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் அழுதாள். "எனக்காக வெச்சிருக்காதம்மா" என்றாள். வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே, "ஊசியே போட்டுடலாம்" என்றார்.

"உங்க வாயில ஒரு நல்ல வார்த்த வராதா? கல்லா நீங்க?"

"அது கத்தறது உனக்கு மட்டும்தான் கேக்குதா? எனக்கும்தான் கேக்குது."

கொஞ்ச நேரம் கழித்துச் சரி என்று சொன்னதும் நான்தான். சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பழைய புடவையைக் கிழித்து மார்போடு தூளி மாதிரி கட்டி அதை உள்ளே வைத்துக்கொண்டேன். அது கத்தக்கூட தெம்பில்லாமல் முனகியது. இவர் கொல்லைப் பக்கம் போய் நேரம் கழித்துத்தான், கை கால் கழுவிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தார்.

மலைப்பாதையை மழை அரித்துப்போட்டிருந்தது. ஜல்லி பெயர்ந்து பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது முனகும், ஒவ்வொரு முனகலுக்கும் நான் இவரைத் திட்டுவேன். "மெதுவான்னா காதுல வுழல? கண்ணு இன்னா பொடனியிலயா கீது?" இவர் முதுகு மட்டும் என் முன்னால் விறைப்பாக இருந்தது. ஒரு வளைவில் பெரிய பள்ளம், வண்டி தூக்கிப் போட்டது. நான் திட்ட வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். மார்பிலிருந்து சூடாக ஏதோ இறங்கியது. ஜாக்கெட் நனைந்து, இடுப்பு நனைந்து, தொடை வரை ஓடியது. தூளியைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு இருந்தது. கத்தவில்லை.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

இவர் நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே, "உயிரு கீதா?" என்று கேட்டார்.

"மூத்திரம் பெஞ்சிட்டான்யா! முழுசா பெஞ்சிட்டான்!"

அப்போதுதான் திரும்பினார். என் புடவையில் சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கெட்டியாக வழிந்திருந்ததை விரலால் எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மணல். "வந்துடுச்சி பாரு" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். வழியில் போன ஒரு ஜீப்காரர் வண்டி ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியில் மேசை மேல் ஒரு தட்டும் அதன் மேல் மூடிய துணியும் தயாராக இருந்தன. டாக்டரம்மா வயிற்றைத் தொட்டார். திரும்பத் தொட்டார். என் புடவையைப் பார்த்தார்.

"எப்பம்மா போச்சி?"

"வர்ற வழியிலங்க. பள்ளத்துல தூக்கிப் போட்டப்ப."

"அடியில அடைச்சிருந்தது கலங்கி வந்திருக்கும். அல்லா, இப்டியும் நடக்குமா" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். தோலுக்கடியில் மருந்துத் தண்ணீர் ஏற்றினார். உள்ளதையும் மறைக்கவில்லை. முதுகு இப்படியேதான் இருக்கும். அமுக்குவதை விடக்கூடாது. திரும்பவும் அடைக்கலாம், அப்போது பள்ளம் காப்பாற்றாது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைச் சிந்திச் சிந்தி, பசு மாட்டோடு வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க அழுதேன். கேவலமாகத்தான் இருந்தது, அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் வண்டியைச் சரியாகக்கூட நிறுத்தாமல் விறுவிறுவென்று கொல்லைக்குப் போனார். என்ன அவசரம் என்று நானும் பின்னாலேயே போனேன். சீத்தா மரத்தடியில் ஒரு குழி. சின்னது, ஆனால் ஆழமாக, நாலு பக்கமும் ஒழுங்காகச் செதுக்கி எடுத்திருந்தது. உள்ளே சாமை வைக்கோலை மெத்தையாகப் பரப்பியிருந்தார். நாய் தோண்டாமலிருக்க மேலே வைப்பதற்கு ஒரு பலகைக்கல்லும் பக்கத்தில் இருந்தது.

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. "யார கேட்டு இத்த வெட்டினீங்க? உயிரோட இருக்கறதுக்குக் குழியா? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு கீதா?"

அவர் மண்வெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஊசி போட்டு எடுத்துக்கினு வந்தம்னு வெச்சிக்க. நீ அத்த மடியில வெச்சிக்கினு, நான் வெட்டி முடிக்கற வரைக்கும் பாத்துக்கினே நின்னிருப்ப. அது உனக்கு வேணான்னு பாத்தேன்."



அவர் மண்ணைத் தள்ளப் போனார். "தள்ளுங்க, நான் மூட்றேன்" என்றேன். தூளியில் அது தூங்கிக்கொண்டிருந்தது, அதன் மூச்சு என் மார்பில் பட்டுக்கொண்டிருந்தது. காலாலேயே மண்ணைத் தள்ளித் தள்ளி அந்தக் குழியை நிரப்பினேன். ஒருநாள் அது வேண்டியிருக்கும், எனக்குத் தெரியாதா? வேண்டுகிறபோது வெட்டிக்கொள்ளலாம். நிரம்பிய பிறகு மேலே ஏறி நின்று மிதித்தேன். திரும்பத் திரும்ப மிதித்தேன்.

"போதும்மே" என்றார் அவர். "இந்த மிதி மிதிச்சா புல்லுகூட மொளைக்காது."

"மொளைக்காட்டி போவுது" என்று சொல்லிவிட்டு இன்னொரு மிதி மிதித்தேன்.